மீனுக்கு அம்மை போட்ட பங்குனி

மீன் வைத்தியம் எனக்குத் தெரியும் என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒன்பது வயதில், எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், ஒருத்தரும் சொல்லித் தராமல், சாகக் கிடந்த இரண்டு தங்க மீன்களைப் பிழைக்க வைத்தவள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. இன்றைக்குக் கடையில் சின்னச் சீசாவில் நீல மருந்து விற்கிறான், இரண்டு சொட்டு விட்டால் போதும் என்கிறான். அந்தப் பங்குனியில் எங்கள் ஊரில் அதெல்லாம் எங்கே இருந்தது? இருந்தது வேப்பிலையும் மஞ்சளும் என்னுடைய இரண்டு கண்ணும்தான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகக் கிடந்த காலம். நாகர்கோவிலில் ஒரு காகிதம் நகர வேண்டுமென்றாலும் திருவனந்தபுரம் போய்த்தான் திரும்ப வேண்டும். என் அத்தைக்கு மாப்பிள்ளையும் அங்கிருந்துதான் வந்தார். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். அதற்கு முன் இரண்டு சம்பந்தம் பேசி, இரண்டும் நிச்சயம் வரை வந்து கலைந்திருந்தன. ஒன்று ஜாதகத்தால், இன்னொன்று எதனால் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இருபத்துநாலு வயது அப்போது அவளுக்கு. மூன்றாவதும் கலைந்தால் அப்புறம் யாரும் படியேற மாட்டார்கள் என்று அம்மா அடுக்களையில் முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் பழத் தட்டு, சீலைத் தட்டு எல்லாம் இறக்கி வைத்தார்கள். கடைசியாக மாப்பிள்ளையே ஒரு கண்ணாடிப் பரணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார். மிட்டாய்க் கடையில் இருக்குமே, அந்த மாதிரிப் பெரிய பரணி, வாய் மட்டும் இன்னும் அகலம். திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்ததால் சட்டையும் வேட்டியும் தொப்பலாக நனைந்திருந்தன. உள்ளே இரண்டு தங்க மீன்கள். எங்கள் ஊரில் மீன் என்றால் மணக்குடியிலிருந்து கூடையில் வரும், குழம்பில் கிடக்கும். தின்னவும் முடியாத மீனை நனைந்துகொண்டு சுமந்து வந்த மாப்பிள்ளையைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிக்காதவர்கள் இல்லை. கூடியிருந்த பெண்கள், சிவப்பாக இருந்த பெரிய மீனுக்குப் ‘பெண்ணு’ என்றும், வெள்ளை வாலுள்ள சின்ன மீனுக்கு ‘மாப்பிள்ளை’ என்றும் அங்கேயே பேர் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை அப்போது முற்றத்தில் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அந்தப் பேர் அவர் காதில் விழவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும்போது அவர் என்னைக் கூப்பிட்டார். இந்த வீட்டில் மீனுக்கு நான்தான் டாக்டர் என்றும், வாரம் ஒரு கார்டு எழுத வேண்டும் என்றும் சொல்லி, தன் விலாசத்தைத் தானே எழுதிய தபால் கார்டுக் கட்டு ஒன்றைக் கையில் தந்தார். நானும் ஒழுங்காக எழுதினேன். மீன் பொரி தின்றது, கூத்தாடிப் புழு தின்றது, பரணியில் பாசி பிடித்தது. அவருடைய பதில்களில் மீனைப் பற்றி ஒரு வரியும், வீட்டில் எல்லாரும் சுகமா, எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்று ஐந்து வரியும் இருக்கும். டாக்டருக்கு எழுதும் கடிதத்தில் இதெல்லாம் எதற்கு என்று நான் அந்த ஐந்து வரிக்கும் பதில் எழுதவில்லை.

பங்குனி பாதியில்தான் பெண்ணு கல்லில் உடம்பைத் தேய்த்ததை முதலில் பார்த்தேன். பரணியின் அடியில் கிடந்த கூழாங்கல்லில் பக்கவாட்டில் வந்து உரசுவாள், விலகிப் போவாள், மறுபடி வந்து உரசுவாள். அம்மா விளையாடுகிறது என்றாள். அத்தை அரிக்கிறதோ என்னவோ என்றாள். மறுநாள் பெண்ணு துடுப்பையெல்லாம் மடக்கி உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டாள். பொரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வாலிலும் முதுகிலும் ரவையைத் தூவினதுபோல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். முகத்தில் மட்டும் நான்கு. நான் போட்ட கூச்சலில் அம்மா கரிக்கையோடு ஓடிவந்து பார்த்தாள். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அம்மை போட்டிருக்கு.”

பங்குனி சித்திரையில் எங்கள் பக்கம் அம்மை வராத ஊர் கிடையாது. ஆனால் மீனுக்கா என்று அப்பா கேட்டார். மீன் உடம்பானால் என்ன, வந்திருப்பது அவள்தானே, அவளுக்கு உடம்பில் பேதமுண்டா என்று அம்மா திருப்பிக் கேட்டாள். பத்து நிமிஷத்தில் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது. தாளிப்பு நின்றது, மீன் குழம்பு நின்றது. பரணித் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் விழுந்தன. எங்கள் ஊரில் பெற்றவளையும் அம்மை என்று சொல்லுகிற வழக்கம் உண்டு. அந்த நாட்களில் எங்கள் வீட்டை இரண்டு அம்மைகள் ஆண்டார்கள், இரண்டு பேரிடமும் எதிர்த்துப் பேச முடியாது.

நான் டாக்டர் அல்லவா? அன்றைக்கே கார்டை எடுத்து எழுதி, வழியில் போன தபால்காரரை நிறுத்திக் கொடுத்துவிட்டேன். எழுதியது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. “மாமாவுக்கு நமஸ்காரம். பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது. நேற்று முதல் சாப்பாடு இல்லை. முகத்தில் நான்கு, முதுகில் ஏராளம். அம்மா வேப்பிலை கட்டியிருக்கிறாள். பயப்பட வேண்டாம், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.” கையெழுத்து மணிமணியாக இருந்தது. ஒரு பிழைகூட இல்லை. யாரிடமும் காட்டாமல் அனுப்பியதுதான் எனக்குப் பெருமை.

எங்கள் வீட்டுப் பின்புறக் கிணறு உவர்க் கிணறு. புத்தளம் உப்பளம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறு எப்படி இருக்கும்? வெயில் ஏற ஏறத் தண்ணீர் கரிக்கும், பாத்திரம் தேய்க்கவும் தென்னைக்கு ஊற்றவும்தான் ஆகும். குடிக்கிற தண்ணீருக்குத் தெருக்கிணறு. மீனுக்கும் அந்த நல்ல தண்ணீர்தான். மறுநாள் அத்தை குடத்தோடு போனபோது கிணற்றடியில் நின்ற பெண்கள் விலகிக்கொண்டார்கள். கயிற்றைத் தொட வேண்டாம் என்று ஒருத்தி சொன்னாளாம். அம்மை மீனுக்குத்தான் என்று அத்தை சொல்லிப் பார்த்திருக்கிறாள். மீனுக்காக யாராவது நிலையில் வேப்பிலை கட்டுவார்களா, கல்யாணம் குறித்த பெண்ணுக்கு வந்ததை மறைக்கிறார்கள் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். முகம்தான் தெளிவாக இருக்கிறதே என்று யாரோ ஒருத்தி கேட்டதற்கு, இன்னும் முகத்துக்கு ஏறவில்லை என்று பதில் வந்திருக்கிறது. அத்தை வெறுங்குடத்தோடு வந்து அடுக்களை மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கு அடுத்த நாள், வைகாசியில் குறித்திருந்த கல்யாணத்தின் ஏற்பாடுகளைப் பேசுவதற்காக மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். தெருமுனையிலேயே வேப்பிலையைப் பார்த்தார், பக்கத்து வீட்டில் விசாரித்தார், குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அப்பா அரண்டுபோய் நாகர்கோவிலுக்கு ஓடி, அம்மை மீனுக்குத்தான், பெண் நலம் என்று கடிதம் எழுதிப் போட்டார். நான்கு நாளில் பதில் வந்தது. தபால்காரர் வேலிக்கு வெளியே நின்று அதை முற்றத்தில் எறிந்துவிட்டு ஓடினார். மீனுக்கு அம்மை என்று எழுதியதைப் படித்ததாகவும், கல்யாண காரியம் இப்போதைக்கு இருக்கட்டும் என்றும் மாப்பிள்ளையின் அப்பா எழுதியிருந்தார். இருக்கட்டும் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது எனக்கே தெரிந்தது.

அப்பா வேப்பிலையை அவிழ்க்கப் போனார். அம்மா நிலைக்குக் குறுக்கே நின்றாள். கட்டியதைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவிழ்த்தால் குடும்பத்துக்கு ஆகாது, இறங்க வேண்டுமென்றால் மீனுக்குச் சரியாகட்டும் என்று சொல்லிவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். இத்தனை பெரிய மனிதர் ஒன்பது வயதுப் பெண்ணை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“மக்கா, ஒனக்க மீனு பொழைக்குமா?”

பிழைக்கும் என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கொஞ்சம் விஷயம் அதற்குள் என் கையில் இருந்தது.

விஷயம் இதுதான். தெருக்கிணறு மறுக்கப்பட்ட அன்றைக்குப் பரணித் தண்ணீர் மஞ்சளும் அழுகின இலையுமாக நாறிப்போயிருந்தது. இரண்டு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. மாப்பிள்ளைக்கும் வாலில் ஆறேழு புள்ளி. அப்பா வயல் கிணற்றிலிருந்து காவடி கட்டிக் கொண்டுவந்த நல்ல தண்ணீர் மனிதர்கள் குடிக்கவே காணாது. அதனால் அம்மா உவர்த் தண்ணீரைப் பரணியில் மாற்றிவிட்டாள். நான் அழுதேன், இனி செத்துவிடும் என்று. செத்ததா? மறுநாள் பெண்ணு மடக்கின துடுப்பை விரித்தாள். நான் தினமும் காலையில் முற்றத்து வெயிலில் பரணியை வைத்து, புள்ளிகளை எண்ணி, சுவரில் கரிக்கோடு போட்டு வந்தேன். முப்பத்தொன்று, இருபத்தாறு, பதினெட்டு. பெரிய ஆட்களுக்குத் தெரியாத கணக்கு அது.

நாலாம் நாள், பக்கத்து வீட்டுக்காரி மனமிரங்கி, யாருக்கும் தெரியாமல் வேலிக்கு மேலாக ஒரு குடம் நல்ல தண்ணீர் தந்தாள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மைக்கு முதலில் என்று அப்படியே பரணியில் மாற்றினாள். இரண்டே நாளில் இருபத்தொன்பது. பெண்ணு மறுபடி கல்லில் போய் உரசினாள். அப்பாவின் கடிதத்துக்குப் பதில் வந்ததும் அன்றைக்குத்தான்.

நல்ல தண்ணீரில் கூடுகிறது, கெட்ட தண்ணீரில் குறைகிறது. அப்படியானால் கெட்ட தண்ணீரில் என்ன இருக்கிறது? கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், பிடித்துவிட்டேன். பிற்காலத்தில் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் பாடம் நடத்தப் போனபோது, மீனின் தோலுக்குள் புகுந்து குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி அது, தோலை விட்டு வெளியே வந்து நீந்துகிற பருவத்தில் உப்பு அதைக் கொன்றுவிடும் என்று படித்தேன். படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு அது ஒன்பது வயதிலேயே தெரிந்த சங்கதி.

ஆனால் அம்மை போட்ட உடம்புக்கு உப்பு ஆகவே ஆகாது. கஞ்சியில்கூடப் போட மாட்டார்கள். அம்மாவிடம் கேட்டால் தோலை உரித்துவிடுவாள். அதனால் கேட்கவில்லை. பரணியை உவர்த் தண்ணீருக்கு மாற்றிவிட்டு, உப்பு மரவையிலிருந்து கல்லுப்பை எடுத்துத் தனியாகக் கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்து, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சமாக விட்டேன். ஒரேயடியாக விட்டால் மீன் துள்ளி விழும் என்று எனக்குத் தோன்றியது. எப்படித் தோன்றியது என்றால், தோன்றியது, அவ்வளவுதான். அழுகின வேப்பிலையை எடுத்துப் போட்டுவிட்டு, அம்மாவின் கண்ணுக்காக ஒரு பச்சை இலையை மட்டும் மிதக்க விட்டேன். இருபது, பதினொன்று, ஐந்து.

அம்மா தினமும் விளக்கு வைத்ததும் பரணித் தண்ணீரைத் தீர்த்தமாக எடுத்து எங்கள் தலையில் தெளிப்பாள். பதினொன்று எண்ணின அன்றைக்கு ஒரு துளி அவள் உதட்டில் விழுந்தது. நாக்கால் துழாவினாள். மறுபடி ஒரு துளி எடுத்துப் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீரைவிடக் கரித்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“ஏட்டி, உப்பு போட்டியா?”

ஆமாம் என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால் அம்மா விளக்கைப் பரணிப் பக்கம் நீட்டிப் பெண்ணுவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் இருந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. நெடுநேரம் பார்த்தாள். சுவரில் இருந்த கரிக்கோடுகளையும் பார்த்தாள்.

“இனி போடுகதுன்னா அம்மைகிட்ட சொல்லிட்டுப் போடு,” என்றாள்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டம் பதவி எல்லாவற்றையும் விட அந்த உத்தரவுதான் பெரிசு. மறுநாளிலிருந்து பகிரங்கமாக, ‘அம்மையே உப்பு போடுகேன்’ என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போட்டேன்.

வேப்பிலை ஏறின பதினோராம் நாள் காலையில் வாலில் ஒரே ஒரு புள்ளி பாக்கி, அதுவும் மங்கல். தலைக்குத் தண்ணீர் ஊற்ற அம்மா நாள் பார்த்துவிட்டாள். தண்ணீரிலேயே கிடக்கிற மீனுக்கு எப்படித் தலைக்கு ஊற்றுவது என்று அப்பா கேட்டதை அவள் காதில் வாங்கவில்லை. மஞ்சள் தண்ணீர் கலந்து கொண்டிருக்கும்போதே வேலிப் படலைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். திருவனந்தபுரம் மாமா. தோளில் ஒரு குலை இளநீர், கையில் பனங்கற்கண்டுப் பொட்டலம், கக்கத்தில் மெல்லிய பழைய மல்லு வேட்டி இரண்டு. அம்மை கண்ட உடம்புக்கு விரித்துப் படுக்கிற துணி அது. மீனுக்கு இளநீரும் துணியும் எதற்கு, இவர் திருவனந்தபுரத்தில் இருந்தும் வைத்தியம் தெரியாதவராக இருக்கிறாரே என்று எனக்கு இரக்கமாக இருந்தது.

வேப்பிலை கட்டின வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாது என்று அப்பா பதறி ஓடித் தடுத்தார். மாமா நிற்கவில்லை.

“தெரிஞ்சுதான் வந்திருக்கேன். வீட்டுல சொல்லிட்டு வரல்ல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “வைகாசித் தேதிய மாத்தண்டாம். முகத்துல வடு விழுந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.”

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் எதுவோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. டாக்டர் பேச வேண்டிய இடம் இது என்று நான் முன்னால் வந்தேன்.

“வடு ஒண்ணும் விழல்ல மாமா. முகத்துல கிடந்த நாலும் போயாச்சு. வந்து பாருங்க.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பரணிக்கு முன்னால் நிறுத்தினேன். இதுதான் பெண்ணு, அது மாப்பிள்ளை, அதற்குக் கொஞ்சம்தான் போட்டது, பெண்ணுக்குத்தான் உடம்பெல்லாம் போட்டது என்று விளக்கினேன். அவர் மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து என் கார்டை எடுத்தார். மடித்து மடித்து நாலாகக் கிழியப்போகிற மாதிரி இருந்தது. அதை அப்பாவிடம் நீட்டினார். அப்பா படித்தார், ‘பெண்ணுக்கு’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கார்டில் ஒரு பிழையும் இல்லை என்று நான் இரண்டு தடவை சொன்னேன். பெண்ணுக்கு வந்தது, பெண்ணுக்கு என்றுதானே எழுத முடியும்?

அம்மா மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தாள். மூன்று கை மஞ்சள் தண்ணீரைப் பரணியில் விட்டாள், குலவையிட்டாள், நிலையிலிருந்து வேப்பிலையை இறக்கினாள். அந்த இளநீரை எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தார்கள். மாமா குடித்துக்கொண்டே அடுக்களைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் இந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் நினைவுபடுத்தினேன்.

மாமா ஊருக்குப் போய் வீட்டில் நடந்ததைச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார், வைகாசியில் சொன்ன தேதியில் கல்யாணம் நடந்தது. இரண்டு மீனும் அதே பரணியில், அதே பஸ்ஸில், அத்தையின் மடியில் திருவனந்தபுரம் போயின. என் கார்டு அத்தையின் பெட்டியில் கடைசிவரை இருந்தது. நான் எழுதியதிலேயே நல்ல கையெழுத்து என்பதால் வைத்திருக்கிறாள் என்றுதான் ரொம்ப காலம் எண்ணியிருந்தேன்.

வேப்பிலை இறக்கி, மாமா பஸ் ஏறிப் போன அன்று சாயங்காலம் அத்தை பரணிக்குப் பக்கத்தில் வந்து என்னோடு உட்கார்ந்தாள். அத்தனை நாளும் வீங்கிக் கிடந்த முகம் கழுவித் துடைத்திருந்தது. என் காதுப் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“அவ்வளவு தூரத்துல இருந்து, யாரப் பாக்க வந்தாருட்டீ?”

இதென்ன கேள்வி என்று இருந்தது எனக்கு.

“மீனத்தான். பின்ன நம்ம வீட்டுல வேற யாருக்கு சொகமில்ல?”

அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னை இறுக்கிப் பிடித்து, என் தலைமுடி நனைய அழுதாள். ஒரு மீன் பிழைத்ததற்கு ஒருத்தி இவ்வளவு அழுவாளா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் வைத்தியம் பார்த்தவள் நான்தானே, பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.